சிசேரியனில் முதுகு ஊசி போட்டதும் பிபி இறங்காமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதுகில் மரப்பு ஊசி போட்டுச் செய்யப்படுபவை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கும் பழைய வடஆற்காட்டில், தாலுகா மருத்துவமனை தியேட்டரிலும் சரி, பெரிய மருத்துவமனையிலும் சரி, அந்த ஊசிக்குப் பிறகு வரும் முதல் தொல்லை ஒன்றுதான்: பிபி இறங்குவது. முதல் சில கேள்விகள் கர்ப்பிணிகளும் வீட்டாரும் கேட்பவை. அதன்பின் வருபவை தியேட்டரில் நிற்பவர்களுக்கானவை. அதில் வரும் மருந்து அளவுகள் மயக்க மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை; மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

முதுகில் ஊசி போட்டால் பிபி ஏன் இறங்குகிறது?

காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் அதேதான். ஆனால் எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கரையோரம் தண்ணீர் மட்டம் சட்டென்று தாழ்கிறது. உடலில் மதகுகளைப் பாதி மூடியபடி வைத்திருப்பவை தண்டுவடத்திலிருந்து கிளம்பும் பரிவு நரம்புகள். வலியை மரக்கவைக்கும் மருந்து அவற்றையும் சேர்த்தே மரக்கவைத்துவிடுகிறது. சிறு தமனிகள் விரிகின்றன, கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளில் ரத்தம் தேங்குகிறது, பிபி இறங்குகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நிறைமாதக் கருப்பை மல்லாந்து படுத்தால் முதுகெலும்பின் முன்னால் ஓடும் பெரிய சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறைகிறது. சாதாரண நேரத்தில் உடல் இதைச் சமாளித்துவிடும். சமாளிக்கும் நரம்புகளே மரத்துப்போன நேரத்தில் முடியாது.

இந்த ஏரிக் கணக்கைக் கடைசிவரை மனதில் வைத்திருந்தால் மீதிப் பதில்கள் தானாகவே விளங்கும். தண்ணீர் பாட்டில் ஏற்றுவது ஏரிக்கு நீர் சேர்ப்பது. பிபி ஏற்றும் மருந்து மதகை மூடுவது. மதகைத் திறந்து வைத்துக்கொண்டே நீர் சேர்த்தால் எவ்வளவு சேர்த்தாலும் மட்டம் ஏறாது.

எல்லோருக்கும் இறங்குமா?

முன்னேற்பாடு எதுவும் செய்யாமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இறங்கும். பல ஆய்வுகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே வலி எடுத்து, பனிக்குடம் உடைந்து வந்தவர்களைவிட, நாள் குறித்து வந்து படுப்பவர்களுக்கு அதிகம். இரட்டைக் குழந்தை, உடல் பருமன், கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தாலே தலைசுற்றல் வந்தவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு கூடுதல். கடைசியில் சொன்னது உங்களுக்கு இருந்தால் மயக்க டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்திருக்கலாம்.

பிபி இறங்கினால் குழந்தைக்கு என்ன ஆகும்?

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மி.லி. ரத்தம் போகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இருப்பதுபோல, அழுத்தம் குறைந்தாலும் ஓட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு கருப்பைக்குக் கிடையாது. அம்மாவின் பிபி இறங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. நீடித்தால் குழந்தையின் ரத்தத்தில் அமிலம் கூடும், இதயத்துடிப்பு குறையும், பிறந்ததும் அழத் தாமதிக்கலாம். வளர்ச்சி குறைந்த குழந்தை, ஏற்கெனவே மூச்சுத்திணறலில் இருக்கும் குழந்தை என்றால் அந்த ஒன்றிரண்டு நிமிட அவகாசமும் இல்லை.

எனக்கு எப்போதுமே 100/60தான். ஊசி போட்டால் இன்னும் இறங்கிவிடாதா?

பிறர் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட மாட்டார்கள். ஊசிக்கு முன் உங்களுக்கு இருந்த அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே போகாமல் பார்ப்பதுதான் இலக்கு. 100 என்றால் 90 வரை. நல்ல உடல்நிலையில் உள்ள பெண்ணுக்கு 100/60 ஒரு நோயல்ல.

முதல் நாள் உப்பு கூடச் சாப்பிட்டு வந்தால் பிபி தாங்குமா?

தாங்காது. தேவையில்லாத தாகம்தான் மிச்சம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்களே?

திட உணவுக்குக் குறைந்தது 6 மணி நேரம். பிரியாணி போன்ற எண்ணெய், இறைச்சிச் சாப்பாடு என்றால் 8 மணி நேரம். ஆம்பூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை, வேறு தடை இல்லாதவர்கள், அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால், பால் கலந்த டீ, காபி தண்ணீர்க் கணக்கில் வராது. அவை உணவு.

காலை எட்டு மணிக்கு என்று சொன்ன ஆபரேஷன் மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப்போவது எங்கும் நடப்பதுதான். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் பதினைந்து மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர் வறண்ட ஏரியோடுதான் தியேட்டருக்குள் வருகிறார். நேரம் தள்ளிப்போனால் “தண்ணி குடிக்கலாமா” என்று வார்டு நர்ஸிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

பிபி இறங்குவது எனக்கு எப்படித் தெரியும்?

மெஷினுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். குமட்டல், கொட்டாவி, காது அடைப்பு, கண் இருட்டுவது, நெஞ்சில் ஒரு தவிப்பு. மருத்துவ வார்த்தை தேட வேண்டாம். “டாக்டர், ஒரு மாதிரியா கீது” என்று சொன்னாலே போதும், தலைமாட்டில் நிற்பவருக்குப் புரியும். பயத்தை அடக்கிக்கொண்டு பேசாமல் படுத்திருப்பதுதான் தவறு.

தியேட்டரில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: ஊசி போட்ட முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பெண் குமட்டுகிறது என்றால் அது பிபி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கை முதலில் போக வேண்டியது பிபி மருந்துக்கு. வாந்தி மருந்து பிறகு.

பின்னாளில் முதுகுவலி, தலைவலி வருமா?

இரண்டுக்கும் பிபிக்கும் தொடர்பில்லை. ஊசிபோட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். வருடக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமல்ல. எழுந்து உட்கார்ந்தால் வந்து படுத்தால் போகும் தலைவலி, ஊசி துளைத்த இடத்தில் தண்டுவட நீர் கசிவதால் வருவது. 25 அல்லது 27 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெலிது) பென்சில் முனை ஊசி போட்டால் அது அரிது. தலையணை வைத்தால் வரும் என்பது கட்டுக்கதை.

தியேட்டர் ஆட்களுக்கு: எந்த அளவை அடிப்படையாக வைப்பது?

தியேட்டர் மேசையில் படுத்ததும் எடுத்த முதல் அளவை நம்பாதீர்கள். பயத்தில் 138 காட்டும். வார்டில் அவருக்கு 116 இருந்திருக்கும். 138-ஐ அடிப்படையாக வைத்தால் தேவையில்லாமல் மருந்து கொட்டுவீர்கள். வார்டு அளவையும், அமைதியாக இருக்கும்போது அடுத்தடுத்து எடுத்த மூன்று அளவுகளின் சராசரியையும் பார்த்து ஒரு எண்ணை முடிவுசெய்து தாளில் பெரிதாக எழுதுங்கள். அதன் அருகே இரண்டு எண்கள்: 90 சதவீதம், 80 சதவீதம். 120 என்றால் 108, 96. மேல் அளவை 108-க்கு மேல் வைத்திருப்பதே குறி. 96-க்குக் கீழ் போனால் அவசரம். 2018-இல் வெளிவந்த சர்வதேச ஒருமித்த பரிந்துரை சொல்வதும் இதுவே. “100-க்குக் கீழ் போனால் பார்க்கலாம்” என்ற பழைய வழக்கம், 140 இருந்தவரை 101 வரை இறங்கவிட்டு வேடிக்கை பார்க்கும்.

தண்ணீர் பாட்டில் எப்போது, எவ்வளவு?

ஊசிக்கு அரைமணி நேரம் முன்பே ஒரு லிட்டர் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்) ஏற்றி முடிப்பது பல இடங்களில் இன்னும் பழக்கம். அதில் பெரும்பகுதி ஊசி போடுவதற்குள் ரத்தக்குழாயைவிட்டு வெளியேறிவிடுகிறது. அதற்காகக் காத்திருந்து அவசர ஆபரேஷனைத் தாமதப்படுத்துவதில் அர்த்தமில்லை. மதகு திறக்கும் அதே நேரத்தில் நீர் வர வேண்டும்: முதுகில் மருந்து உள்ளே போகும்போதே ஆர்எல் முழுவேகத்தில் ஓடத் தொடங்கி, அடுத்த பத்து நிமிடத்துக்குள் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. போயிருக்க வேண்டும்.

இங்கே கோளாறு வருவது பெரும்பாலும் குழாயில்தான். பிங்க் நிற 20 கேஜ் வென்ஃப்ளானில் (சிரையில் போடும் குழாய் ஊசி) இந்த வேகம் வராது. பச்சை நிற 18 கேஜ் குறைந்தபட்சம். சாம்பல் நிற 16 இன்னும் நல்லது. மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ போட்டால் கை மடங்கும்போதெல்லாம் நிற்கும், முன்கையில் போடுங்கள். நம் ஊரில் கிடைக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் சிரிஞ்சால் காற்றை அடைத்து வேகப்படுத்துவதைச் செய்யவே கூடாது. பாட்டில் தீர்ந்த கணத்தில் அந்தக் காற்று ரத்தக்குழாய்க்குள் போகும். மெத்தென்ற பை கிடைத்தால் அழுத்தப் பட்டை மாட்டலாம். கிடைக்காவிட்டால் கம்பியை உயர்த்துங்கள்.

தண்ணீர் மட்டும் போதுமா? போதாது. ஏரிக் கணக்கு இங்கேதான் உதவுகிறது.

இடப்பக்கம் சாய்ப்பது இன்னும் தேவையா?

வலது இடுப்பின் கீழ் 10–12 செ.மீ. உயரத்துக்கு மடித்த துணியோ ஆப்பு மெத்தையோ வைத்து 15 டிகிரி இடப்பக்கம் சாய்ப்பது பழைய வழக்கம். 2015-இல் வந்த எம்ஆர்ஐ ஆய்வு 15 டிகிரியில் பெரிய சிரை உண்மையில் திறக்கவில்லை, 30 டிகிரியில்தான் திறக்கிறது என்று காட்டியது. 30 டிகிரியில் யாரும் ஆபரேஷன் செய்ய முடியாது. நோயாளி சரிந்து விழுவார். ஆரோக்கியமான பெண்களுக்கு நீரும், பிபி ஏற்றும் மருந்தான ஃபினைலெஃப்ரின் ஓட்டமும் சரியாகக் கொடுத்தால், சாய்க்காமல் விட்டாலும் குழந்தையின் ரத்த அமிலத்தில் வித்தியாசமில்லை என்று 2017-இல் இன்னொரு ஆய்வு சொன்னது.

எங்கள் பார்வை: சாய்க்கச் செலவு ஒன்றுமில்லை, சாய்த்துவிடுங்கள். ஆனால் சாய்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணால் பார்த்து “15 டிகிரி இருக்கும்” என்பவர்கள் பெரும்பாலும் 8, 10-லேயே நிற்கிறார்கள். கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால் ஒருமுறை அளந்து பாருங்கள். பிபி விடாமல் இறங்கினால், கருப்பையைக் கையால் இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிப்பது எல்லா ஆப்புகளையும்விட நன்றாக வேலை செய்யும். ஆம்புலன்ஸில் வரும்போது முழுவதுமாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் அது கொஞ்சம் சிரமம், இருந்தாலும் மல்லாந்து கிடத்த வேண்டாம்.

முதுகில் போடும் மருந்தைக் குறைத்தால் பிபி இறங்காதல்லவா?

குறைவாக இறங்கும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் பாதியில் வலிக்கும். மரக்கவைக்கும் மருந்தான 0.5 சதவீத ஹெவி (தண்டுவட நீரைவிடக் கனமான) புபிவகைன் 1.8 முதல் 2 மி.லி., அதாவது 9–10 மி.கி., அதோடு வலி மருந்தான ஃபென்டனில் 15–20 மைக்ரோகிராம் என்பது நம் பெண்களின் உயரத்துக்குப் பெரும்பாலும் சரியாக அமையும். ஃபென்டனில் ஆம்பியூலில் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் இருப்பதால் 0.4 மி.லி. எடுத்தால் 20. இன்சுலின் சிரிஞ்சில் அளந்து எடுங்கள், 5 மி.லி. சிரிஞ்சில் 0.4-ஐக் கண்ணால் பிடிக்க முடியாது. 8 மி.கி.க்குக் கீழே போக வேண்டுமானால் எபிடியூரல் குழாயும் (முதுகில் வைத்து மரப்பு மருந்தை மேலும் கொடுக்க உதவும் மெல்லிய குழாய்) சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

மரப்பு முலைக்காம்பு மட்டம் வரை, அதாவது டி-4 (நான்காவது மார்பு நரம்பு) வரை ஏற வேண்டும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் சில்லிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தொப்புளோடு நின்றுவிட்டால் கத்தி வைக்கக் கூடாது.

எந்த மருந்து முதல் தேர்வு? எப்போது தொடங்குவது?

ஃபினைலெஃப்ரின். இறங்கிய பிறகல்ல, முதுகு ஊசியை வெளியே எடுத்த உடனே தொடங்குவது. “வெள்ளம் வருமுன் அணை போடு” என்பது இங்கே அப்படியே பொருந்தும். இறங்கிய பிறகு ஏற்றுவதற்குள் அந்தப் பெண் வாந்தி எடுத்துவிடுவார், குழந்தையின் துடிப்பு குறைந்துவிடும், எல்லோர் கையும் பதறும்.

ஆம்பியூலில் 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கிறது. 100 மி.லி. நார்மல் சலைன் பாட்டிலில் 1 மி.லி.யை எடுத்துவிட்டு இந்த ஆம்பியூலைச் சேர்த்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். குலுக்கி, பாட்டிலிலும் சிரிஞ்சிலும் பெயரையும் செறிவையும் எழுதி ஒட்டுங்கள். 50 மி.லி. சிரிஞ்ச் பம்ப் இருந்தால் இந்தக் கலவையை மணிக்கு 15 மி.லி.யில் விட்டால் நிமிடத்துக்கு 25 மைக்ரோகிராம், 30 மி.லி.யில் 50. இந்த இரண்டுக்கும் நடுவில் தொடங்கி நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்து ஏற்றி இறக்குங்கள். மேல் அளவு அடிப்படையைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

இந்த மருந்தில் உயிரைப் பறிக்கும் பிழை ஒன்று உண்டு: கலக்காத ஆம்பியூலை அப்படியே தள்ளிவிடுவது. நூறு மடங்கு அளவு. மூளையில் ரத்தக்கசிவும் நுரையீரலில் நீரும் வரவைக்கும். உடைத்த ஆம்பியூல் மருந்தைக் கலக்காமல் தட்டில் வைக்கவே கூடாது என்பதைத் தியேட்டர் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பம்ப் இல்லை.

பரவாயில்லை. 10 மி.லி. சிரிஞ்சில் மேலே சொன்ன கலவையை எடுத்து, முதுகு ஊசி முடிந்து மல்லாத்தியதும் அரை மி.லி., அதாவது 50 மைக்ரோகிராம் கொடுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பிபி. 90 சதவீதக் கோட்டை நெருங்கியதும் 50, தாண்டி இறங்கினால் 100 மைக்ரோகிராம். குழந்தை வெளியே வரும்வரை ஒரு கை அந்தச் சிரிஞ்சிலேயே இருக்கட்டும்.

பாட்டிலைத் தொங்கவிட்டு மருந்தைச் சொட்டு எண்ணி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிபி பட்டையும் மருந்து ஓடும் குழாயும் ஒரே கையில் இருந்தால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் மருந்து நிற்கும். தளர்ந்ததும் தேங்கியது மொத்தமாகப் போகும். அளவு தாழ்ந்து உயர்ந்து பூச்சி காட்டும். பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பட்டை ஒரு கை, மருந்து மறு கை. மருந்துக் குழாயை வென்ஃப்ளானுக்கு மிக அருகில் இணையுங்கள். நீளக் குழாயின் மேல் முனையில் இணைத்தால் கொடுத்த மருந்து போய்ச் சேரவே நேரமாகும்.

ஃபினைலெஃப்ரின் ஸ்டாக் இல்லாத நாளில்?

மெஃபென்டர்மின், எஃபெட்ரின் எங்கும் இருக்கும். இரண்டிலும் 6 மி.கி. ஒரு தவணை. 30 மி.கி. மருந்தை 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 3 மி.கி., 2 மி.லி. கொடுத்தால் 6. மெஃபென்டர்மின் ஒன்றுக்கு மேற்பட்ட வலிமையில் வருகிறது, லேபிளைப் படிக்காமல் உடைக்காதீர்கள்.

எஃபெட்ரினை முதல் தேர்விலிருந்து இறக்கியதற்குக் காரணம், அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குள் போய் அங்கே உடலின் எரிப்பு வேலையைக் கூட்டி அமிலத்தை ஏற்றுகிறது. தவிர, இந்த இரண்டு மருந்துகளும் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது மங்கிப்போகும். நாலாவது தவணை முதல் தவணைபோல் வேலை செய்யாது. ஆனாலும் கையில் இருக்கும் மெஃபென்டர்மினை நேரத்தோடு கொடுப்பது, இல்லாத ஃபினைலெஃப்ரினுக்காக ஏங்குவதைவிட நல்லது.

ஃபினைலெஃப்ரின் கொடுத்ததும் நாடித்துடிப்பு 50-க்கு வந்துவிட்டதே!

பிபியைப் பாருங்கள். பிபி சரியாகவோ கூடுதலாகவோ இருந்தால் இது உடலின் எதிர்வினை. மருந்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் துடிப்பு திரும்பும். இந்த நேரத்தில் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் போட்டால் பிபி 180, 190 என்று எகிறும். பதற்றத்தில் செய்யும் தப்பு இது.

துடிப்பும் குறைந்து பிபியும் குறைந்தால் கதை வேறு. அங்கே ஃபினைலெஃப்ரின் உதவாது. எஃபெட்ரின் அல்லது மெஃபென்டர்மின் 6 மி.கி.; துடிப்பு இன்னும் இறங்கினால் அட்ரோபின் 0.6 மி.கி., காத்திருக்காமல்.

நார்அட்ரினலின் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், துடிப்பைக் குறைப்பது ஃபினைலெஃப்ரினைவிடக் கம்மி. சுமார் 6 முதல் 8 மைக்ரோகிராம், 100 மைக்ரோகிராம் ஃபினைலெஃப்ரினுக்குச் சமம். ஆம்பியூல் லேபிளில் இருப்பது உப்பின் எடையா, மூல மருந்தின் எடையா என்று பாருங்கள், 2 மி.கி. பைடார்ட்ரேட் என்றால் மூல மருந்து 1 மி.கி.தான். அளவு இரண்டு மடங்காவது இந்தக் குழப்பத்தில்தான். கலக்கிப் பழகாத இடத்தில் நள்ளிரவில் முதல்முறையாகக் கலக்க வேண்டாம்.

வாந்தி மருந்தான ஆன்டன்செட்ரான், காலில் கட்டு, இவையெல்லாம் உதவுமா?

ஓரளவு. ஊசிக்கு 5 நிமிடம் முன் ஆன்டன்செட்ரான் 4 மி.கி. மெதுவாகக் கொடுத்தால் பிபி இறங்குவது கொஞ்சம் குறையும், குமட்டலும் குறையும். எப்படியும் கொடுக்கப்போகும் மருந்து, முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கணுக்காலிலிருந்து தொடைவரை எலாஸ்டிக் கட்டு இறுக்கிச் சுற்றினால் தேங்கும் ரத்தம் குறையும். ஃபினைலெஃப்ரின் இல்லாத நாளில் இதற்கு மதிப்பு கூடுதல்.

மெஷின் காட்டும் அளவை நம்பலாமா?

கை நடுங்கினால் நம்ப முடியாது. முதுகு ஊசிக்குப் பின் நடுக்கம் சகஜம். ஏசியைக் கொஞ்சம் குறையுங்கள், நீரைச் சூடாக்கிக் கொடுங்கள். இடப்பக்கம் சாய்த்திருக்கும்போது வலது கை இதயத்துக்கு மேலே நிற்கும். 10 செ.மீ. மேலே இருந்தால் 7, 8 குறைத்துக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் கூட்டிக் காட்டி ஏமாற்றும்; இதுதான் ஆபத்தான பிழை, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அறுவை செய்பவர் பட்டைமேல் சாய்ந்து நிற்கிறாரா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு இருப்பவருக்கு?

எதிர்பார்ப்பதற்கு மாறாக, கடுமையான ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு முதுகு ஊசிக்குப் பின் பிபி அவ்வளவாக இறங்குவதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கி வைத்திருப்பது நரம்பு மட்டுமல்ல என்பதே காரணம். ஃபினைலெஃப்ரினைத் தானாகத் தொடங்காமல், இறங்கத் தொடங்கினால் 25–50 மைக்ரோகிராம் என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள். நீரில்தான் கஞ்சத்தனம் வேண்டும். இவர்களுக்கு ஒரு லிட்டர் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தட்டணுக்கள் எண்ணிக்கை பார்க்காமல் முதுகில் ஊசி வேண்டாம்.

யாருக்கு இந்த ஊசியையே தவிர்க்க வேண்டும்?

ரத்தம் கொட்டிக்கொண்டு வருபவருக்கு: நஞ்சு முன்கூட்டியே பிரிந்தது, நஞ்சு கீழிறங்கி ரத்தப்போக்கு, கருப்பை கிழிவு. ஏரியே காலி, அதில் மதகைத் திறக்கக் கூடாது. ரத்தக்குழாய் இறுக்கத்தை நம்பி ஓடும் இதயம் உள்ளவர்களுக்கும், குறிப்பாக வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு, ஒரே தள்ளில் போடும் முதுகு ஊசி ஆபத்து. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டவர் என்று தெரிந்தால் எக்கோ பார்க்காமல் தாலுகா அளவில் கைவைக்காதீர்கள். அவகாசம் இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.

குழந்தை வந்தாயிற்று, இனி பயமில்லையா?

அடுத்த சரிவு கருப்பையை இறுக்கும் மருந்தான ஆக்சிடோசினில் வரும். 5 அல்லது 10 யூனிட்டை ரத்தக்குழாயில் ஒரே தள்ளாகத் தள்ளினால் ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி சரியும், நாடி படபடக்கும், நெஞ்சு வலிக்கும். ரத்தம் குறைந்த, இதயம் பலவீனமான பெண்களில் இது உயிரையே எடுத்திருக்கிறது. 5 யூனிட் ஆம்பியூலை 5 மி.லி. ஆக்குங்கள். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் 1 மி.லி., அதாவது 1 யூனிட் மெதுவாகப் போதும். பிறகு 500 மி.லி. ஆர்எல்லில் 20 யூனிட் கலந்து மணிக்கு 125 மி.லி.; கணக்குப்படி மணிக்கு 5 யூனிட். நெடுநேரம் வலி எடுத்து வந்தவருக்கு 3 யூனிட், ஓட்டமும் கூடுதல். உங்கள் இடத்தில் தசையில் 10 யூனிட் என்ற வழக்கம் இருந்தால் அதைத் தொடரலாம். கருப்பை இறுகவில்லை என்றால் மெதர்ஜின் ஓர் உதவி, ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அதைத் தொடக் கூடாது. கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைக்கும்போதும் குமட்டலும் துடிப்புக் குறைவும் வரும். உள்ளே வைத்தால் சரியாகிவிடும்.

மருந்து கொடுத்தும் பிபி ஏறவில்லை, கை பலமில்லை என்கிறார்.

சுண்டுவிரல் மரக்கிறது, கையைப் பிடிக்கச் சொன்னால் பிடி இல்லை, குரல் கிசுகிசுப்பாகிறது என்றால் மரப்பு கழுத்துவரை ஏறிவிட்டது. உதவிக்குக் குரல் கொடுங்கள், ஆக்சிஜன் முகமூடி, கருப்பையைக் கையால் இடப்பக்கம், பிபி மருந்து, தேவையானால் மூச்சுக்குழாய்க் குழாய். தலையைத் தாழ்த்தாதீர்கள், ஹெவி மருந்து இன்னும் மேலே ஓடும். ஊசி போட்டதும் தோள்களின் கீழும் தலையின் கீழும் ஒரு தலையணை வைத்தே பழகியிருந்தால் இந்த நிலை அபூர்வம். இதயம் நின்றால் மார்பு அழுத்தம் நடக்க, ஐந்து நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுப்பது அம்மாவின் உயிருக்காகவும்தான்.

வார்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் பிபி 88. முதுகு ஊசி இன்னும் வேலை செய்கிறதா?

அப்படி நினைத்து இன்னொரு பாட்டில் தொங்கவிடுவதுதான் வார்டில் நடக்கும் பெரிய தவறு. கால் அசையத் தொடங்கிய பிறகு புதிதாக இறங்கும் பிபி, வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை ரத்தப்போக்கு. போர்வையை விலக்கிப் பேடைப் பாருங்கள், இடுப்பின் கீழ் கைவிட்டுப் பாருங்கள், தொப்புளருகே கருப்பை கல்லாக இருக்கிறதா, மாவாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். நாடியை பிபியின் மேல் அளவால் வகுத்தால் 0.9-க்கு மேல் வருகிறதா? 110 நாடி, 88 பிபி என்றால் 1.25. உள்ளே ரத்தம் சேர்ந்தால் பேட் சுத்தமாகவே இருக்கும்; வயிறு உப்பலும் தோள்வலியும் குறிப்பு காட்டும். அறுவை செய்தவரையும் மயக்க மருத்துவரையும் ஒரே நேரத்தில் அழையுங்கள், ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புங்கள்.

நாடி 70, கருப்பை கல், பேட் சுத்தம், ஆள் முதல்முறையாக எழுந்து நின்றதும் தலைசுற்றியது என்றால் மட்டும் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அடுத்த முறை எழுப்பும்போது முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கழிவறை வாசல் வரையிலும்.